திறவுகோல்களும் ஒரு வெற்றுப் பக்கமும்

சென்ற மழைக்காலத்தில் நம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியைக் கீழே இறக்கினோம். மூடியைத் திறந்ததும் கற்பூர வாடையும் காய்ந்த பசையின் மணமும் ஒருங்கே எழுந்தன. உள்ளே ஏறத்தாழ அறுநூறு அஞ்சல்தலைகள். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை உரோமையைச் சார்ந்தவை. மேற்படிப்புக்காக அந்நகரில் தங்கியிருந்த நம் சிறிய தந்தையார், மறைமாவட்டக் குரு, வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் ஒட்டி வந்தவை சில. பிற்காலத்தில் நாமே பரிமாறியும் விலைக்கு வாங்கியும் சேர்த்தவை சில. முதுமையில் தம் பொருள்களையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கண்மூடிய ஓர் அருள்தந்தை நமக்கென ஒதுக்கிய சிறு ஏட்டில் இருந்தவை எஞ்சியவை.

இவற்றை ஒழுங்குபடுத்தி முறையாக ஓர் ஏட்டில் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்று கருதிய அவ்வேலை ஆறு திங்களை விழுங்கிற்று. நாடுவாரியாக அடுக்குவதா, ஆண்டுவாரியாகவா, படங்களின் பொருளை வைத்தா? ஒவ்வொரு முறையிலும் சில தலைகள் முன்னே வந்தன, சில காணாமற்போயின. அடுக்கும் முறையை மாற்றியபோதெல்லாம் அதே அறுநூறு தாள்துண்டுகள் வேறொரு வரலாற்றைச் சொல்லக் கண்டு சற்றே திகைத்தோம்.

இத்திகைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு மே மாதம் உலகின் முதல் அஞ்சல்தலை வெளிவந்தது. அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவெங்கும் சேகரிப்போர் பெருகிவிட்டனர். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் விலங்கியல் பிரிவைக் காத்துவந்த ஜான் எட்வர்ட் கிரே என்பவர் 1862இல் அஞ்சல்தலைகளுக்கு ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். பல்லிகளையும் சிப்பிகளையும் இனம் பிரித்துப் பழகிய கைகள் அஞ்சல்தலைகளையும் இனம் பிரிக்கத் தொடங்கின. அதே ஆண்டில் பாரிசில் ஜூஸ்தென் லாலியே என்பவர், ஒவ்வொரு தலைக்கும் கட்டம் வரைந்த அச்சு ஏடு ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். கட்டங்களோ சிறியவை. அவற்றுள் அடங்க வேண்டும் என்பதற்காகச் சேகரிப்பாளர்கள் தலைகளின் ஓரங்களைக் கத்தரித்தனர். இன்று பெருவிலை பெறக்கூடிய எத்தனையோ தலைகள் அவ்வாறு ஓரமிழந்து நிற்கின்றன. ஏட்டுக்காகத் தலையா, தலைக்காக ஏடா என்ற கேள்வி அந்நாளிலேயே எழுந்திருக்க வேண்டும், எழுந்ததாகத் தெரியவில்லை.

இக்கலைக்கு 1864இல் பெயர் சூட்டியவரும் பிரெஞ்சுக்காரரே. ஜார்ஜ் எர்பென் என்பார், விருப்பத்தையும் வரிவிலக்கையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'பிலாத்தெலி' என்றார். முன்பெல்லாம் கடிதத்தைப் பெறுபவரே கட்டணம் செலுத்த வேண்டும். தலை ஒட்டப்பட்டிருந்தால் அவர் விலக்குப் பெற்றவர். ஆகவே அஞ்சல்தலை என்பது அனுப்பியவரின் அன்பு முன்னதாகவே கொடுத்துத் தீர்த்த கடன். பெயர் சூட்டியவர் இவ்வளவு தூரம் எண்ணியிராமல் இருக்கலாம். நமக்கு அவ்வாறு தோன்றுகிறது.

சேர்ப்பதில் எல்லையே காணாதவர் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாரிசில் 1850இல் செல்வர் குடும்பத்தில் பிறந்த பிலிப் பெராரி, உலகின் எல்லா அஞ்சல்தலைகளையும் தம்மிடம் சேர்த்துவிட விழைந்தார். உலகில் ஒன்றே ஒன்று எஞ்சியுள்ள பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தலையும், ஸ்வீடன் நாட்டின் மஞ்சள் நிறப் பிழைத்தலையும் அவரிடம் இருந்தன. அவருடைய ஆர்வத்தை அறிந்தவர்கள் போலிகளைச் செய்து அவருக்கே விற்றனர்; அப்போலிகளுக்கு அவர் பெயரையே அடையாகச் சேர்த்து வணிகர்கள் கேலி பேசியதும் உண்டு. முதல் உலகப் போரின்போது, 1917இல், லொசானில் அவர் இறந்தார். தம் சேகரிப்பைப் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார். பிரெஞ்சு அரசு அதனைப் பகைநாட்டுச் சொத்தெனக் கைப்பற்றி, 1921 முதல் பதினான்கு ஏலங்களில் விற்றுத் தீர்த்தது. ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் சேர்ந்தது சில ஆண்டுகளில் உலகின் மூலைகளுக்குச் சிதறிற்று. இதற்கு நேர்மாறாக, முப்பத்தைந்து வயதில் 1891இல் மறைந்த தாமஸ் டாப்ளிங் என்ற ஆங்கிலேயரின் சேகரிப்பு, அவர் விரும்பியபடியே பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குச் சென்று, இன்று பிரித்தானிய நூலகத்தில் குலையாமல் இருக்கிறது.

நமக்குப் பெராரியின் பொருளும் இல்லை, டாப்ளிங்கின் பொறுமையும் இல்லை. எனவே பெட்டியில் மிகுதியாக இருந்ததையே கருவாகக் கொண்டோம்: திருத்தந்தையர் ஆண்ட நாட்டின் தலைகள், அவற்றின் வழித்தோன்றல்களான வத்திக்கான் தலைகள். மற்ற நாட்டுத் தலைகளைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அவர்கள் முகத்தில் கண்ட வியப்பு, அஞ்சல்தலையைக் கண்டதற்கா, அதனைச் சேர்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கா என்று தெரியவில்லை.

திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1850இல் தம் புலம்பெயர் வாழ்விலிருந்து உரோமைக்குத் திரும்பினார். அண்டைய இத்தாலிய அரசுகள் பல அப்போதுதான் அஞ்சல்தலைக்கு மாறிக்கொண்டிருந்தன. திருத்தந்தையின் நாடும் 1852 சனவரி 1ஆம் நாள் தன் முதல் தலைகளை வெளியிட்டது. அந்நாட்டு நாணயமான பயோக்கோவில் அரை முதல், நூறு பயோக்கோ கொண்ட ஒரு ஸ்கூதோ வரை பல மதிப்புகளில் அவை வந்தன. அரசரின் தலையை அச்சிடுவது அக்கால வழக்கம். இங்கோ முகம் இல்லை. நாட்டின் பெயரும் இல்லை. மும்முடியும், குறுக்காக வைத்த இரு திறவுகோல்களும் மட்டுமே. பேதுருவின் திறவுகோல்களைப் பார்த்த பின்னும் எந்த நாடு என்று கேட்பவர் இருக்க மாட்டார் என்று கருதினார்கள் போலும்.

இத்தலைகள் மாற்றமின்றிப் பதினைந்து ஆண்டுகள் புழங்கின. இங்கேதான் நமக்கு முதல் பாடம் கிடைத்தது. ஒரு பயோக்கோத் தலை ஒன்றைக் கையில் எடுக்கிறோம். அது 1853இல் ஒட்டப்பட்டதா, 1866இலா? தலையைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆயின் அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நாடு அப்படியே இருக்கவில்லை. 1859 சூனில் பொலோஞ்ஞா நகரம் திருத்தந்தையின் ஆட்சியிலிருந்து விலகியது. பொலோஞ்ஞா, பெராரா, இரவென்னா ஆகிய நகரங்களை உள்ளடக்கிய உரோமாஞ்ஞா பகுதியின் இடைக்கால அரசு செப்டம்பர் 1ஆம் நாள் தனக்கெனத் தலைகள் வெளியிட்டது. அவற்றின் ஆயுள் ஐந்தே மாதங்கள். 1860 பெப்ரவரியில் சார்தீனிய அரசின் தலைகள் அங்கே வந்துவிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் காஸ்தெல்பிதார்தோ போரில் திருத்தந்தையின் படை தோற்றபின் மார்க்கே, உம்பிரியா ஆகிய மாநிலங்களும் கைவிட்டுப்போயின. எஞ்சியது உரோமை நகரும் அதனைச் சூழ்ந்த பகுதியும் மட்டுமே.

ஆதலால் திறவுகோல் தலை ஒன்றின்மேல் பொலோஞ்ஞாவின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் அது 1859ஆம் ஆண்டுக்குப் பிந்தையதன்று. பெரூஜியாவின் முத்திரை விழுந்திருந்தால் 1860ஆம் ஆண்டுக்குப் பிந்தையதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல முத்திரைகளில் ஊர்ப்பெயர்கள் குறைந்துகொண்டே வருவதை ஏட்டில் வரிசையாகப் பார்க்கலாம். ஒரு நாடு சுருங்கியதைப் போர்ப்படங்களைவிட அந்த வட்ட முத்திரைகள் துல்லியமாகக் காட்டுகின்றன. ஆனால் தலையைச் செல்லாததாக்கக் கம்பிவலை போன்ற முத்திரையையே பெரும்பாலும் இட்டனர். ஊரும் நாளும் உறையின் வேறு மூலையில் விழுந்தன. உறையிலிருந்து தலையைப் பிரித்தவர் வலையை வைத்துக்கொண்டு ஊரை எறிந்துவிட்டார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தேவையான மதிப்பில் தலை கைவசம் இல்லாதபோது, பெரிய மதிப்புள்ள தலையைப் பாதியாகக் கத்தரித்துப் பாதி மதிப்புக்கு ஒட்டினார்கள், அஞ்சலகமும் ஏற்றது. உறையோடு இருந்தால் இத்தகைய அரைத்தலை அருஞ்செல்வம். நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தாலோ, யாரோ கத்தரித்துக் கெடுத்த குப்பைத்தாள். நம் அருள்தந்தையின் ஏட்டில் அப்படி ஒரு முக்கோணத் துண்டு இருக்கிறது. செல்வமா குப்பையா என்பதை இனி எவரும் சொல்ல முடியாது.

நாட்டின் நாணயம் 1866இல் லீராவாக மாறியது. அதற்கேற்ப 1867 செப்டம்பரில் சென்டேசிமோ மதிப்பில் ஏழு தலைகள், பளபளக்கும் வண்ணத்தாளில் வெளிவந்தன. மறு ஆண்டு அவற்றுக்குத் துளைவிளிம்பும் இட்டார்கள். அருள்தந்தையின் ஏட்டில் இவ்வகையில் ஒன்பது தலைகள் இருந்தன. அவற்றைக் கண்டு நாம் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று. பிறகு துளைமானியை எடுத்தோம். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்று எண்ணும் இம்முறையைப் பாரிசு மருத்துவர் லெக்ராந் 1866இல் வகுத்தார். மூலத்தலைகளின் துளையளவு 13. நம்முடையவற்றில் பெரும்பாலானவை பதினொன்றரையில் நின்றன. அந்நாடு மறைந்தபின் அச்சுக்கட்டைகளை வாங்கிய வணிகர்கள், சேகரிப்பாளருக்கென்றே ஏராளமாக மறுஅச்சிட்டு விற்றிருக்கிறார்கள். ஒருநாளும் ஒரு கடிதத்தைச் சுமக்காத தலைகள் அவை. அவற்றைக் கொடுத்தவருக்கு இது தெரிந்திருந்ததா? அறுபது ஆண்டுகள் அவர் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். எறிந்துவிட மனம் வரவில்லை. தனிப்பக்கத்தில் வைத்து, 'மறுஅச்சு' என்று அடியில் எழுதிவிட்டோம்.

இப்போது நம் ஏட்டின் நடுப்பகுதிக்கு வருகிறோம். 1870 செப்டம்பர் 20ஆம் நாள் இத்தாலியப் படை போர்த்தா பியா வாயிலருகே மதிலை உடைத்து உரோமைக்குள் நுழைந்தது. திருத்தந்தை வத்திக்கான் மாளிகைக்குள் தம்மை அடைத்துக்கொண்டார். அன்றோடு திறவுகோல் தலைகளின் வரலாறு முடிகிறது. அடுத்த தலை வெளியானது 1929 ஆகஸ்டு 1ஆம் நாள். இடையில் ஏறத்தாழ 59 ஆண்டுகள்.

அச்சு ஏடுகளைப் பாருங்கள்: 1868இன் கடைசித் தலைக்குப் பின் பக்கம் முடியும். வேறோர் எழுத்தின்கீழ், வேறொரு நாடாக, வத்திக்கான் தொடங்கும். அகரவரிசை அவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. நாம் இரண்டையும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து வைக்க முடிவு செய்தபோது, நடுவே என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. சேகரிப்பில் நம்மினும் தேர்ந்த நண்பர் ஒருவர், 'அக்காலத்து இத்தாலியத் தலைகளை வைத்து நிரப்புங்கள். உரோமையில் அவைதானே புழங்கின?' என்றார். நியாயமான யோசனையே. சில நாள் அதற்கு இணங்கியும் இருந்தோம்.

பின்னர் ஒரு செய்தியைப் படித்தோம். இத்தாலிய அரசு 1871 மே மாதம் இயற்றிய உறுதிமொழிச் சட்டம், திருத்தந்தைக்குப் பல சலுகைகளை அளிக்க முன்வந்தது. அவற்றுள் ஒன்று, வத்திக்கானுக்குள் தமக்கெனச் சொந்தமாக அஞ்சல், தந்தி நிலையங்களை, தாம் அமர்த்தும் பணியாளரைக் கொண்டே நடத்திக்கொள்ளும் உரிமை. வேண்டியிருந்தால் மறு ஆண்டே திருப்பீடம் தன் அஞ்சலைத் தொடங்கியிருக்கலாம். ஒன்பதாம் பத்திநாதர் அச்சட்டத்தையே ஏற்கவில்லை. தம்மிடமிருந்து எடுக்கப்பட்டதை, எடுத்தவர் கையாலேயே சலுகையாகத் திரும்பப் பெற அவர் விரும்பவில்லை. அவருக்குப் பின் வந்த பதின்மூன்றாம் சிங்கராயரும், பத்தாம் பத்திநாதரும், பதினைந்தாம் ஆசீர்வாதப்பரும் அதே நிலையில் நின்றனர்.

ஆக, அந்த 59 ஆண்டு வெறுமை தலை கிடைக்காமையால் நேர்ந்த வெறுமை அன்று; திருத்தந்தையர் மனமறிந்து காத்த மௌனம். அம்மௌனம் சரியானதா, உலகியல் ஆட்சியை இழந்தது திருச்சபைக்கு நன்மையாயிற்றா என்பன வேறு வினாக்கள். நன்மையே ஆயிற்று என்று கருதுவோரில் நாமும் ஒருவர். ஆயினும், அவர்கள் ஒட்ட மறுத்த இடத்தில் நாம் வேறு தலையை ஒட்டி நிரப்புவது அவர்கள் வாயில் சொல்லைத் திணிப்பதாகும். எனவே ஒரு முழுத் தாளை வெறுமையாக விட்டோம். மேல்மூலையில் 1870, கீழ்மூலையில் 1929 என்று பென்சிலால் எழுதினோம்.

அந்தத் தாளைப் புரட்டும்போதெல்லாம், அதற்குள் நடந்தவை நினைவுக்கு வருகின்றன. இந்தியத் திருச்சபையின் ஆட்சியமைப்பு நிறுவப்பட்ட 1886ஆம் ஆண்டு அதற்குள் இருக்கிறது. தொழிலாளர் நிலைபற்றிய சிங்கராயரின் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடல் இருக்கிறது. தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்து, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை இலத்தீன் வழிபாட்டுமுறையில் இக்காலத்து முதல் இந்திய ஆயரான 1923ஆம் ஆண்டும் இருக்கிறது. இவற்றைக் குறித்து உரோமையிலிருந்து எத்தனை உறைகள் நம் கரைக்கு வந்திருக்கும்! ஒன்றிலும் திறவுகோல்கள் இல்லை. அப்படிப்பட்ட ஓர் உறை, இத்தாலிய மன்னரின் தலையோடும் உரோமை முத்திரையோடும் முழுமையாகக் கிடைத்தால், அதனை மட்டும் அந்தத் தாளில் வைப்போம். உறை உண்மையைச் சொல்லும். உறையற்ற தலை அதனைச் சொல்லாது. பழைய பங்கு இல்லங்களில் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் கிடக்கும் என்று நம்பித் தேடுகிறோம். இதுவரை கரையான்களே நமக்கு முந்திக்கொண்டன.

இலாத்தரன் உடன்படிக்கை 1929 பெப்ரவரி 11ஆம் நாள் கையெழுத்தாயிற்று. சூனில் வத்திக்கான் அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆகஸ்டில் பதின்மூன்று தலைகளும், விரைவு அஞ்சலுக்கென இரண்டும் வந்தன. குறைந்த மதிப்புள்ள ஏழில் பழைய மும்முடியும் திறவுகோல்களும் திரும்பின. உயர்ந்த மதிப்புகளில் பதினொன்றாம் பத்திநாதரின் முகம். ஆட்சிபுரியும் திருத்தந்தை ஒருவர் தம் நாட்டுத் தலையில் முகம் காட்டியது அதுவே முதல் முறை. வெற்றுத் தாளுக்கு முன்பக்கத்தில் 1868இன் திறவுகோல்கள், பின்பக்கத்தில் 1929இன் திறவுகோல்கள். ஒளிக்கு எதிரே பிடித்தால் ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழுவதுபோல் இருக்கும்.

வத்திக்கான் தலைகளைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல். தொடக்க காலத்தில் அரியவை சில உண்டு. 1934இல் புதிய மதிப்பு மேலச்சிட்டு வெளிவந்த ஆறு தலைகள் அத்தகையவை. அவற்றில் போலிகள் மிகுதி; தேர்ந்தவரின் சான்றில்லாமல் வாங்காதீர்கள். பிற்காலத்தவை பெரும்பாலும் மலிவு. இலட்சக்கணக்கில் அச்சிட்டு, சேகரிப்பாளர் வீட்டுக்கே நேராகச் சென்றவை அவை. முத்திரை படாத புதுத்தலைகளை ஆண்டுதோறும் முழுத்தொகுதியாக வாங்கி அடுக்குவோரைக் குறைகூறவில்லை. நாம் அவற்றை விடுத்து, முத்திரையோடு பயணம் செய்தவற்றையே நாடுகிறோம். நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் புதுத்தலையின் பசை தானாகவே தாளோடு ஒட்டிக்கொள்ளும் என்பதும் இம்முடிவுக்கு ஒரு காரணம்.

இந்தியாவுக்கும் இவ்வேட்டில் ஓரிடம் உண்டு. பம்பாயில் 1964இல் அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தபோது, திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் டிசம்பர் 2ஆம் நாள் அங்கே வந்திறங்கினார். அப்பயணத்தை நினைவுகூர்ந்து வத்திக்கான் தலைகள் வெளியிட்டது. இந்திய அஞ்சல் துறையும் அதே நாளில் 15 காசு மதிப்பில் புனித தோமையார் தலையை வெளியிட்டது. அதிலுள்ள உருவம் மயிலாப்பூரைச் சேர்ந்ததன்று. இத்தாலியின் ஒர்த்தோனா பேராலயத்தில் உள்ளது. திருத்தூதரின் எலும்புகள் எதேஸ்ஸாவும் கியோஸ் தீவும் கடந்து 1258இல் அந்நகரை அடைந்தன என்பது மரபு. மயிலையில் புதைக்கப்பட்டவர் இத்தாலியிலிருந்து ஓர் உருவமாக இந்தியத் தலைக்குத் திரும்பினார். வத்திக்கான் தலைகளுக்கு நடுவே வேற்று நாட்டுத் தலையை வைப்பது முறையன்று என்று நண்பர் மறுபடியும் தடுத்தார். இம்முறை நாம் கேட்கவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது சற்றுக் கசப்பானது. நம்மில் பலர் விடுதிப் பள்ளிகளில் படித்த நாளில், மறைபரப்புப் பணிக்கென்று பழைய அஞ்சல்தலைகளைச் சேகரித்திருப்போம். உறையின் மூலையைக் கத்தரித்துப் பெட்டியில் போட்டால், அவை மூட்டை மூட்டையாகச் சென்று எடைக்கு விற்கப்பட்டு, தொலைதூர நாடுகளின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பணமாயின. ஐரோப்பாவில் இவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. அஞ்சல்தலை வணிகத்தில் இன்றும் 'மிஷன் கலவை' என்றொரு சொல் வழங்குகிறது. எத்தனையோ ஏழைக் குழந்தைகளுக்குச் சோறிட்ட பழக்கத்தைக் குறைகூற நாவெழவில்லை. ஆனால் அதே கத்தரிக்கோல்களால் எத்தனை உறைகள், எத்தனை ஊர்கள், எத்தனை நாள்கள் அழிந்தன என்பதையும் எண்ணாமலிருக்க முடியவில்லை. அந்தக் கத்தரிக்கோல் ஒன்று நம் கையிலும் இருந்தது.

ஒரு திருத்தந்தை மறைந்து மற்றவர் தெரிவாகும் வரை திருப்பீடம் வெறுமையாக இருக்கும். அந்நாள்களுக்கென்று வத்திக்கான் தனித் தலைகளை வெளியிடுகிறது. பதினொன்றாம் பத்திநாதர் 1939 பெப்ரவரி 10ஆம் நாள் இறந்தபோது, 1929இன் ஏழு திறவுகோல் தலைகளின்மேல் 'செதே வக்காந்தே', அதாவது வெற்று ஆசனம், என்று மேலச்சிட்டுப் புழக்கத்துக்கு விட்டனர். மார்ச் 2ஆம் நாள் புதிய திருத்தந்தை தெரிவானார். பிற்காலத்துத் தலைகளில் மும்முடிக்குப் பதிலாகத் திறவுகோல்களுக்குமேல் விரிந்த குடை ஒன்று இருக்கும். தலைவன் இல்லாத வீட்டுக்குக் குடையே நிழல். 1958, 1963, 1978, 2005ஆம் ஆண்டுகளிலும், பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகிய 2013இலும், பிரான்சிஸ் மறைந்து பதினான்காம் லியோ தெரிவான 2025இலும் அத்தகைய தலைகள் வந்தன.

1978இல் இருமுறை. ஆகஸ்டு 6ஆம் நாள் ஆறாம் சின்னப்பர் மறைந்தார். ஆகஸ்டு 26ஆம் நாள் தெரிவான முதலாம் அருள் சின்னப்பர் 33 நாள்களே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் இறந்தார். அக்டோபர் 16ஆம் நாள் இரண்டாம் அருள் சின்னப்பர் தெரிவானார். முதலாம் அருள் சின்னப்பரின் முகம் தாங்கிய தலைகள், அவர் இறந்தபின் அவ்வாண்டின் இறுதியிலேயே வெளிவந்தன. ஏட்டில் அவ்வாண்டின் பக்கம் இப்படி இருக்கிறது: குடை, மறுபடியும் குடை, பின்பு புன்னகைக்கும் ஒரு முகம்.

அந்த இலையுதிர் காலத்தில் நம் சிறிய தந்தையார் உரோமையில் இருந்தார். குடைத்தலைகள் ஒட்டிய கடிதங்கள் அவரிடமிருந்து வந்தன. இரவுச் செபம் முடிந்தபின் தந்தையார் அவற்றை உரக்கப் படித்ததும், புனித பேதுரு வளாகத்தில் புகை கருமையா வெண்மையா என்று தெரியாமல் கூட்டம் தவித்ததை அவர் எழுதியிருந்ததும் நினைவிருக்கின்றன. நமக்கு அப்போது பத்து வயது. மறுநாளே உறைகளைக் கிண்ணத்து நீரில் ஊறப்போட்டுத் தலைகளைப் பிரித்தோம். உறைகள் அடுப்புக்குப் போயின. கடிதங்களும் வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்தன. இன்று நம்மிடம் நான்கு தலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் முத்திரையின் ஒரு வில், நாள் இல்லை. ஆசனம் வெறுமையாய் இருந்த நாள்களில் எந்த நாள் அவர் எழுத உட்கார்ந்தார் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சான்றை நாமே எரித்தோம். கேட்டறியவும் வழியில்லை, சிறிய தந்தையார் இறைவனடி சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அந்நான்கு தலைகளையும் ஒரு பக்கத்தில் வைத்து, 'உறைகள் இல்லை. பிரித்தவர் இவ்வேட்டின் உரிமையாளர்' என்று அடியில் எழுதினோம்.

இதைக் கேள்விப்பட்ட அத்தை, எண்பத்தைந்து வயது, நம்மை அழைத்துவரச் சொன்னார். தம் செபப்புத்தகத்தின் நடுவிலிருந்து ஓர் உறையை எடுத்தார். தம்பி உரோமையிலிருந்து அவருக்கென்று தனியாக எழுதியது. உறை முழுதாக இருந்தது. முத்திரை தெளிவாக இருந்தது: 1977, மார்ச்சு. குடைத்தலை அன்று, சேகரிப்பாளர் எவரும் திரும்பிப் பார்க்காத எளிய தலை. ஏட்டில் வைக்கத் தருவீர்களா என்று கேட்டோம். 'இங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கோ தம்பி, வெட்டிடாதே' என்றார். கண்பார்வை மங்கிவிட்டதால், உள்ளிருந்த கடிதத்தை ஒருமுறை படித்துக்காட்டச் சொன்னார். படித்தோம். மழை, ரொட்டியின் விலை, தேர்வு பற்றிய கவலை, அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு. உறையை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். அவர் அதனைத் தடவிப் பார்த்து, பழைய பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.